பதினோரு நங்கூரங்கள்

எங்கள் இசைக்குழுவின் பெயரில் உலகத்தில் இன்னும் பத்துக் குழுக்கள் இருக்கின்றன என்பது எனக்கு ஐம்பத்திரண்டாவது வயதில்தான் தெரியவந்தது. அதுவரை நாங்கள் ஒரே பிரதி என்று நம்பிக்கொண்டிருந்தோம். நங்கூரத்துக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்களோ அதைப் பன்மையாக்கினால் எங்கள் பெயர். இதற்காக யாரும் மூளையைக் கசக்கவில்லை. டிரம்ஸ் அடிக்கும் நண்பன் அந்தக் காலத்தில் தோணிகளுக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். நங்கூரப் படம் போடுகிற தகர அச்சு ஒன்று கையில் இருந்தது. அதைப் பெரிய டிரம்மின் மேல் வைத்து பெயின்ட் அடித்தான். படம் விழுந்தது, பெயர் பின்னாலேயே வந்தது.

குழுவில் நான்கு பேர். மில்லர்புரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி பாடுவார். கோயில் பாடகர் குழுவில் இருக்கும் ஒருவர் கீபோர்டு. நான் பேஸ் கிடார். நிறுத்தினால் மட்டுமே பிறர் கவனிக்கிற வாத்தியம் என்று அதைச் சொல்வார்கள். நான் பலமுறை நிறுத்திப் பார்த்திருக்கிறேன்; யாரும் கவனிக்கவில்லை.

டிரம்ஸ் நண்பன் பிறகு கப்பலுக்குப் போய்விட்டான். ஒரே மகள். அவள் பிறந்தபோது கடலில் இருந்தான். ஞானஸ்நானத்துக்கும் இல்லை, பள்ளி வயதில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கும் இல்லை. ஒவ்வொரு முறையும் போனில் அவளிடம் சொன்ன சமாதானம் ஒன்றுதான்: "ஒன் கல்யாணத்துக்கு அப்பா வந்து டிரம்ஸ் அடிப்பேம்ளா." இப்போது கடல் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டான். மகளுக்கு இருபத்தாறு வயது; கல்யாணமும் வந்துவிட்டது.

அதற்கு மூன்று வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, திரேஸ்புரத்தில் அவன் வீட்டு மாடியில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் அப்பாவான சம்பந்தி தன் மனைவியோடு படியேறி வந்தார். தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். உட்காரவில்லை.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்கிடக் கூடாது. பிள்ளய நல்லா வளத்திருக்கிய. ஆனா இந்த பேண்டு மட்டும் வேண்டாம்."

நண்பனின் கையில் குச்சி அப்படியே நின்றது. சம்பந்தி போனை நீட்டினார். எங்கோ பனி கொட்டும் தேசத்தில் நான்கு பேர், முகமெல்லாம் வெள்ளை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. பின்னால் தீ எரிகிறது. தீக்கு நடுவில் சிலுவை தலைகீழாக நிற்கிறது. படத்துக்குக் கீழே எங்கள் பெயர்.

"இது நாங்க இல்லங்க" என்றேன்.

"மூஞ்சில சுண்ணாம்பு பூசிருக்கதால ஆளு தெரியல. ஆனா இந்தக் கிடாருக்காரரு வயித்தப் பாருங்க. ஒங்க வயிறுதான இது?"

பார்த்தேன். மறுப்பது கடினமாகத்தான் இருந்தது.

துறைமுகத்தில் ஏற்றுமதிக் காகிதங்கள் எழுதுவது என் பிழைப்பு. எதையும் ஆதாரத்தோடு நிறுவிவிடலாம் என்ற வியாதி அதில் வரும். அங்கேயே போனில் தேடி எண்ணிக் காட்டினேன். பிரேசிலில் ஒரு குழு பக்திப் பாட்டுப் பாடுகிறது. ஸ்காட்லாந்தில் தாடிக்காரக் கிழவர்கள் மாலுமிப் பாட்டுப் பாடுகிறார்கள். ஜப்பானில் பள்ளிச் சீருடையில் மூன்று பெண்கள். எங்களோடு சேர்த்து மொத்தம் பதினொன்று.

"கப்பல்லயும் இப்படித்தான். ஒரே பேர்ல ரெண்டு வரும். நாங்க நம்பரப் பாத்துதான் எழுதுவோம்" என்று முடித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ஒங்க நம்பரு என்ன?" என்றார்.

எங்களுக்கு நம்பர் கிடையாது. நண்பன் குச்சிகளைத் தரையில் வைத்துவிட்டான். அவன் வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

இதுவரை வாழைப்பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்த மளிகை அண்ணாச்சி தோலை ஓரமாக வைத்துவிட்டுச் சம்பந்தியிடம் கேட்டார். "அண்ணாச்சி, ஒங்க ஊர்ல ஒங்க பேரு எத்தன பேருக்கு இருக்கு?"

"கோயில் புனிதர் பேருல்லா. வீட்டுக்கு ஒருத்தன் இருப்பான்."

"அப்ப நான் ஒங்க வீட்டத் தேடி வந்தா என்னன்னு கேக்கணும்?"

சம்பந்தி சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். இந்தக் கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஊரே அதைச் சொல்லித்தான் கூப்பிடும். ஆனால் கல்யாணம் முடிகிறவரை சம்பந்திகளிடம் யாரும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். அவர் மனைவிக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை போலும்.

"பேத்த வீடுன்னு கேளுங்க அண்ணாச்சி. கைப்பிள்ளகூட காட்டும்."

பேத்தை என்பது வலையில் சிக்கினால் கோபத்தில் பந்துபோல உப்பிக்கொள்கிற மீன். அந்த நேரத்தில் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கீபோர்டுக்காரர் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். நண்பன் மட்டும் சிரிக்காமல் சம்பந்தியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மெதுவாக உப்பல் இறங்கியது. "எங்க தாத்தாவுக்கு வச்ச பேரு. எனக்குக் கோவமே வராது" என்றார் கோபமாக. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அப்ப அந்தச் சுண்ணாம்பு மூஞ்சிக நீங்க இல்ல."

"மாதா சத்தியமா இல்ல" என்றான் நண்பன்.

"நா நம்புதேன். ஆனா எங்க ஆளுகளும் போன்ல தேடுவாவல்லா? ஒங்களுக்கும் ஒரு பட்டப்பேரு போடணும்." அவர் கண் எங்கள் நால்வரையும் சுற்றிவிட்டு, எதிர்பார்த்தபடியே என் சட்டையின் நான்காவது பொத்தானில் வந்து நின்றது.

கல்யாண மண்டப வாசலில் பேனர் இருந்தது: எங்கள் பழைய பெயர் சிறியதாக, அதன் கீழ் 'தொப்பை செட்டு' என்று பெரியதாக. அதையும் போனில் தேடிப் பார்த்தேன். உலகத்தில் நாங்கள் மட்டும்தான்.

சாயங்காலம் வரவேற்பில், பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலிலிருந்து மேடைக்கு வரும் நடைக்கு நாங்கள் வாசித்தோம். நிதானமாக வர வேண்டிய நடை. நண்பன் எடுத்த எடுப்பிலேயே தாளத்தில் ஓட ஆரம்பித்தான். நாங்களும் பின்னால் ஓடினோம். பெண் கவுனைக் கையில் தூக்கிக்கொண்டு, சிரித்தபடி, மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடியே மேடைக்கு வந்தாள். முன்வரிசையில் பேத்தை சம்பந்தி எழுந்து நின்று கைதட்டினார்.

"ஏலே, என்ன அவசரம்?" என்று கேட்டேன்.

நண்பன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "இருவத்தாறு வருசம் லேட்டு மாப்ள" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குக் குச்சியைத் தட்டினான்.