கார்புரேட்டரைக் கழுவிய சனிக்கிழமை

1983ஆம் ஆண்டு எங்கள் கார் சிவப்பு விளக்கைக் கண்டால் அணைந்துவிடும். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் இரண்டு முறை குலுங்கும், பிறகு சத்தமே இருக்காது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. வாங்கிய நாளிலிருந்து அதில் எதைத் தொட்டாலும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவந்தேன்.

அந்த ஆண்டு என் மனைவியின் தங்கைக்குக் கல்யாணம். ஞாயிறு காலை ஊரின் கிழக்கே காத்தோங்கில் உள்ள பிள்ளையார் கோயிலில் முகூர்த்தம். ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து பெண் புறப்பட வேண்டும். அத்தான் காரில்தான் போவேன் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். ஆனால் பெண் ஏறிய வண்டி வழியில் நின்றால் சகுனத் தடை என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது மனைவியின் அண்ணன் பேச்சை எடுத்தார்.

"மாப்பிள, பேசாம டாக்ஸி சொல்லிடலாம் லா. உங்க காரு சிக்னலுக்குச் சிக்னல் தூங்குது. பொண்ணு பட்டுப்புடவையோட இறங்கித் தள்ளணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். மணப்பெண் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கவனித்த என் மனைவி, எனக்கு ஆறு மணிவரை நேரம், அதற்குப் பிறகு அண்ணன் போன் செய்யட்டும் என்று தீர்ப்புச் சொன்னாள்.

கார்பார்க்கில் பானெட்டைத் திறந்தேன். காற்றும் பெட்ரோலும் கலப்பது கார்புரேட்டரில். அதன் தொண்டைக்குள் ஒரு வட்டத் தகடு உண்டு. காலை எடுத்ததும் அது மூடிக்கொண்டு, ஓரத்தில் மயிரிழை இடைவெளியை மட்டும் விட்டுவைக்கும். நிற்கும் வண்டியின் இன்ஜின் அந்த இடைவெளி வழியாகத்தான் மூச்சுவிடுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் அங்கே தோசைக்கல் அடியைப்போலக் கரி அப்பியிருந்தது.

கார்புரேட்டரை முழுசாகக் கழற்றினேன். கழற்றிய திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசைப்படி வைத்தேன். பால் டின்னில் மண்ணெண்ணெய், கையில் பழைய பல்துலக்கி. தகட்டின் பித்தளை நிறம் தெரியும்வரை தேய்த்தேன். இன்ஜினின் மெதுவான ஓட்டத்தைத் தீர்மானிக்கும் திருகாணி ஒன்று இருக்கிறது. அதை உள்ளே திருகினால் தகடு கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும். நோட்டில் கடைசியாக எழுதியிருந்தபடி, சரியாக மூன்றரைச் சுற்றில் அதை வைத்தேன்.

ஐந்தே காலுக்குச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் அலறியது. ஆக்சிலரேட்டரைத் தொடவே இல்லை. மாடித் தாழ்வாரங்களில் தலைகள் எட்டிப் பார்த்தன.

"மாப்பிள, காத்தோங்குக்குப் பறந்தா போறோம்?" என்று மூன்றாம் மாடியிலிருந்து மச்சான் கேட்டார்.

அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். எதையோ உடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நோட்டைப் பின்னிருந்து முன்னாகப் புரட்டினேன். 'கால் சுற்று உள்ளே.' அதற்குச் சில மாதம் முன்பும் 'கால் சுற்று உள்ளே.' இப்படி எட்டு முறை. கரி ஏற ஏற இன்ஜின் திணறியிருக்கிறது, நானும் ஒவ்வொரு முறையும் தகட்டை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டுக் கடமையாக எழுதி வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக நான் குறித்துவந்தது அழுக்கின் வளர்ச்சியை. அழுக்கு போன பிறகும் அதே அளவை வைத்தால் அலறாமல் என்ன செய்யும்? முதல் பக்கத்தில், கார் வாங்கிய வாரத்தில், 'ஒன்றரைச் சுற்று' என்று எழுதியிருந்தது.

இரண்டு சுற்று வெளியே எடுத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினேன். அலறல் இறங்கியது, முனகலாயிற்று, அப்படியே நிலைத்தது. பத்து நிமிடம் காலைத் தள்ளி வைத்துக்கொண்டு கேட்டேன். ஒரு குலுக்கல் இல்லை. மாடிக்குப் போய், டாக்ஸி வேண்டாம் என்றேன். மணி ஆறாக ஐந்து நிமிடம் இருந்தது.

மறுநாள் காலை மச்சான் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் மணப்பெண்ணும் என் மனைவியும். வழக்கமாகக் கார் அணைந்துபோகும் பெரிய சந்திப்பில் சிவப்பு விழுந்தது. மச்சான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது, முகம் வெளுத்துவிட்டது.

"நின்னுடுச்சா?" என்றார் மெதுவாக.

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு மச்சான். டேஷ்போர்டுல கையை வச்சுப் பாருங்க."

வைத்தார். பச்சை விழும்வரை எடுக்கவில்லை. பின்சீட்டிலிருந்து கல்யாணப் பெண் சிரித்த சிரிப்பை அவள் அம்மா கேட்டிருந்தால் அடக்கமில்லை என்று கடிந்திருப்பார். காத்தோங்வரை இன்னும் பதினோரு இடங்களில் சிவப்பு விழுந்தது, ஓரிடத்திலும் இன்ஜின் அணையவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே கோயில் வாசலில் போய் இறங்கினோம்.