பீடியை விடச் சொல்லாத நர்ஸ்

இன்று காலை உப்பளத்தில்...

அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். அண்ணி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருப்பதால் சமையல் என் தலையில். (குறை சொல்லாமல் சாப்பிடுகிறார். அதுவே எனக்குப் பயம்.)

உப்பு வாரிக்கொண்டிருந்தவர் இருமினார். பீடி பிடிக்கிறவர், இருமல் புதிதில்லை.

ஆனால் துப்பியது சிவப்பாக இருந்தது. வெள்ளை உப்பின் மேல்.

அவசரமாகக் காலால் தள்ளி மூடிவிட்டு நிமிர்ந்தார். எதிரில் நான்.

"வெத்தல போட்டேன் பாப்பா."

"நீ எப்பண்ணா வெத்தல போட்ட?"

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

கெஞ்சி, அழுது, என் ஸ்கூட்டியிலேயே மரக்காணம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

"பீடிய விடுன்னு எவனாவது ஆரம்பிச்சான்னா எழுந்து வந்துடுவேன்" என்றார் வழியில்.

செய்வார். போன வருஷம் ஒரு கிளினிக்கில் டாக்டர் திட்டியதும் பாதியில் எழுந்து வந்தவர், அப்புறம் எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏறவில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி வாங்கினார்கள். பிறகு ஒரு நர்ஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பீடி பிடிப்பீங்களாண்ணா?"

"பிடிப்பேன்."

"விடணும்னு நெனப்பு இருக்கா?"

"இல்ல."

அண்ணனின் கை துண்டைத் தேடியது, கிளம்புவதற்கு.

"சரிங்க" என்றார் நர்ஸ். "எப்ப பிடிச்சே ஆகணும்னு இருக்கும்?"

அண்ணன் அவரை ஒரு மாதிரி பார்த்தார். இப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை. நானும்தான்.

"காலையில பாத்தியில எறங்கறதுக்கு முன்னாடி. இல்லன்னா கை நடுங்குதுங்க."

கை நடுங்குவது எனக்கு இன்றுதான் தெரியும்.

"இதுல உங்களுக்கு எது பயமா இருக்குது?"

துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பொறக்கப் போற புள்ளையத் தூக்குறப்ப இருமிடுவனோன்னு."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"விடறது உங்க முடிவு. இப்ப வேணாம்னா வேணாம். வீட்டுக்குள்ள மட்டும் பிடிக்காம இருக்க முடியுமா? கொழந்தையைத் தூக்கறதுக்கு முன்னாடி கை, வாய் கழுவிட்டு சட்டைய மாத்திக்குங்க."

"அது முடியும்."

"என்னிக்காவது விடணும்னு தோணுச்சுன்னா வாங்க, மருந்து இருக்குது. தோணலைன்னாலும் இருமலுக்கு வாங்க. திட்ட மாட்டேன்."

அப்புறம் டாக்டர் கூப்பிட்டார். எக்ஸ்ரேயில் ஒரு நிழல். டிபியா, வேறு ஏதாவதா என்று சளி ரிசல்ட் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியுமாம். நாளைக்கு வரச் சொன்னார்.

அந்த "வேறு ஏதாவது" என்னவென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வெளியே வந்து ஸ்கூட்டியை எடுக்கும்போது மெதுவாகக் கேட்டேன்.

"நாளைக்கு வருவியாண்ணா?"

"வர்றேன். அந்த நர்ஸம்மா இருப்பாங்கல்ல?"

இதை எழுதும்போது அண்ணன் தெருவில் வேலி ஓரமாக நின்று பீடி பிடித்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குள் இல்லை. இருமல் சத்தம் வரும்போதெல்லாம் எனக்கு விரல் நின்றுவிடுகிறது.

போய்ப் பக்கத்தில் நிற்கலாம் என்று பார்க்கிறேன். விடச் சொல்லாமல் வேறென்ன பேசுவது? உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் சொல்லுங்கள்.