எட்டில் ஒரு பங்கு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் போய் தர்மராஜ் என்று கேட்டால், "யாரு, ரேகை தர்மராஜா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஐம்பத்திரண்டு வயது. பொம்மைப் பட்டறையில், சூளைக்குப் போகும் முன் பச்சை மண் பொம்மைகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தி மூடுவார்கள். அந்தத் தடத்தைப் பார்த்தே செய்தது யார் என்று சொல்லிவிடுவார்.

"இது பாஞ்சாலை. இது கொளஞ்சி. வூட்ல சண்ட போட்டுட்டு வந்துருக்கான், பாதி விரலுதான் பட்டுருக்குது."

பந்தயம் கட்டித் தோற்றவர்கள் அந்தப் பட்டறையில் பலர்.

தம்பி ராஜ்மோகனும் அங்கேதான் பொம்மை செய்துகொண்டிருந்தான். 1999இல் சார்ஜா போனான். ஒன்பது மாதம் கடிதம் வந்தது, போன் வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. தேடியவர்கள் யாருக்கும் ஆள் அகப்படவில்லை.

2007 ஆடி பிறந்ததும், ராஜ்மோகனின் மாமனார் பெண்ணாடத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். "ஏழு வருஷம் ஆச்சுங்க. இந்த அமாவாசைக்குக் காரியத்தப் பண்ணிடுவோம். அப்பறம் எம் பொண்ணுக்கு ஒரு வழி பாக்கணும்ல?"

அவர் மகள் அன்புக்கரசி, பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள், டீயைக் கொண்டுவந்து வைத்தாள். தர்மராஜ் தலையாட்டினார். பிண்டம் வைக்க வேண்டியவர் அவர்தான். உயிரோடு இருக்கிறவனுக்கு வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் ஃபேன்சி ஸ்டோர் நூர் முகம்மது ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். மேலே படம்: 1930களில் மகாராஜாக்கள் வைத்திருந்த ரோல்ஸ் ராய்ஸ் கார். உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் துண்டுகள், சட்டங்களில் காய் காய்த்ததுபோல, எண் போட்டு.

"எம் மவன் சஹீரு சார்ஜாவுல பழைய சாமான் கடையில வாங்குனானாம். எவனோ பாதி ஒட்டிட்டு வுட்டுட்டான். மீதியப் பண்ணிக் குடு, ஷோகேஸுல வைக்கணும்."

"எனக்கு மண்ணுதான் பாய் தெரியும்."

"மண்ணுல ராஜா ராணி பண்ற ஆளு, ராஜா வுட்ட காரப் பண்ண மாட்டியா? சும்மா பிகு பண்ணாதய்யா."

ஞாயிறு காலையில் தர்மராஜ் ஜன்னலோரம் உட்கார்ந்தார். படங்களைப் பார்த்து, நகவெட்டியால் துண்டுகளை நறுக்கி, பொம்மைக்குத் தேய்க்கும் உப்புத்தாளால் பிசிறு எடுத்தார். சக்கரம், மட்கார்டு, வெள்ளி பூசிய முன்பக்க கிரில் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கென்று உட்கார்ந்தன. தீக்குப் போகாத ஒரு பொருளை அவர் கை வேலை செய்வது அதுதான் முதல்முறை.

கூரையைத் திருப்பினார். உட்பக்கத்தில் ஒரு கட்டைவிரல் தடம். பசை பட்ட விரலால் யாரோ அழுத்தியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் இளகி ரேகையை அப்படியே வாங்கிவைத்திருந்தது. சுழிக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு.

அலமாரியில் ராஜ்மோகன் செய்த கிளி பொம்மை இருந்தது. எடுத்து அடியைப் பார்த்தார். அதே சுழி. அச்சு வார்க்கும்போது கத்தி இறங்கிய அதே வெட்டு.

"அன்பு! காரியம் கீரியம் ஒண்ணும் வேணாம். எந்தம்பி இருக்கான்!"

அவள் வந்ததும் நூலை எடுத்துக் கிளியில் வெட்டின் நீளத்தை அளந்து காட்டினார். அதே நூலைக் கூரையில் வைத்தார். "பாரு, இம்மி கொறையல."

அன்புக்கரசி நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, கிளி சூளைக்குப் போயி வந்தது."

தர்மராஜின் கை நின்றது. பட்டறையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லித்தருவது அது. மண் சுட்டால் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். பொம்மை சுருங்கும்போது அதிலுள்ள விரல் தடமும் சுருங்கும். பிளாஸ்டிக் சுருங்காது. ஆகவே கூரையில் இருப்பது ராஜ்மோகனின் விரல் என்றால், அது கிளியில் உள்ளதைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். முப்பது வருடம் சூளையோடு இருந்தவர் அதை மறந்துபோனார்.

"அப்ப இது யாரு வெரலு?"

"அவரு வெரலுதான் மாமா. அந்த வெட்டு இன்னொருத்தருக்கு வருமா? சின்னதா இருக்குது, அவ்வளவுதான்."

அவள் குரலில் பதற்றமே இல்லை.

நூர் முகம்மது மகனுக்குப் போன் போட்டார். சஹீர் கடையில் விசாரித்துவிட்டு மறுநாள் சொன்னதை, பாய் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே ஒப்பித்தார்.

"ரெண்டு மாசம் முன்னாடி தமிழ்க்காரன் ஒருத்தன் வந்து வித்தானாம். ஆசையா ஆரம்பிச்சேன், இப்ப சாமானெல்லாம் கைக்கு அடங்கல, பெருசு பெருசா இருக்குதுன்னானாம். சட்ட தோள்ல நிக்கலயாம். செருப்பு ரெண்டு வெரக்கட வெளிய நீட்டிக்கிட்டு இருந்துதாம். எவன் துணியப் போட்டுக்கிட்டுத் திரியறானோ!"

"அங்க சூடு ஜாஸ்தியா பாய்?" என்றாள் அன்புக்கரசி.

"கேக்கணுமா? தோலே உரியும்மா."

அவள் தலையசைத்து உள்ளே போனாள். காரைக் கூரையில்லாமல்தான் பாயிடம் கொடுத்தார்கள்.

அமாவாசையன்று மணிமுத்தாற்றில் கூட்டம் நெரிந்தது. பெண்ணாடத்திலிருந்து வந்த அப்பாவை அன்புக்கரசி வாசலிலேயே டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். "இருக்கறவருக்கு எதுக்குப்பா காரியம்?"

பிறகு இருவரும் உட்கார்ந்து, சஹீர் அங்கே போலீசில் கொடுப்பதற்காகக் காணாமல்போனவரின் அடையாளங்களை எழுதினார்கள். பெயர் ராஜ்மோகன். வயது முப்பத்தெட்டு. இடது கட்டைவிரலில் வெட்டுத் தழும்பு. உயரம் ஐந்தடி நான்கு அங்குலம்.

அன்புக்கரசி பேனாவை வாங்கி உயரத்தை அடித்தாள். ஓரத்தில் அறுபத்துநாலு அங்குலம் என்று எழுதி, எட்டைக் கழித்து, ஐம்பத்தாறு என்று போட்டாள். அடித்ததற்கு மேலே தெளிவாக எழுதினாள்: நான்கடி எட்டு அங்குலம்.

தர்மராஜ் கணக்கை ஒருமுறை சரிபார்த்தார். பிறகு கீழே கையெழுத்துப் போட்டார்.