தவிட்டுக் கஞ்சியும் இரும்பு மாத்திரையும்

உணவைப் பற்றி ஒருவர் உறுதியாகச் சொல்வது மறுநாளே பல அடுப்புகளுக்குப் போய்விடுகிறது. அப்படி வந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் நேர்ந்ததையே எழுதப் போகிறேன். ஆதலால் என் கண் கண்டவற்றையும், தங்கையிடம் கேட்டு ஒத்துப் பார்த்தவற்றையும் மட்டுமே இங்குத் தருகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். ஆவடியில், அப்பா இரும்பைக் கடைந்தெடுக்கும் கடைசல் வேலை பார்த்த தொழிற்சாலையின் குடியிருப்பில் இருந்தோம். நான் புலவர் தேர்வில் தேறி, பூந்தமல்லிப் பக்கத்துப் பள்ளியொன்றில் தமிழாசிரியைப் பணிக்குத் தேர்வாகியிருந்தேன். மருத்துவச் சான்று ஒன்றே எஞ்சியிருந்தது. மருத்துவர் ஓர் அம்மையார். என் கீழிமையைத் தாழ்த்திப் பார்த்தார். விரலில் குத்தி ஒரு துளி எடுத்தார். இரத்தம் போதாது, இரும்பு மாத்திரையை உண்டு இரண்டு மாதத்தில் தேறாவிட்டால் கையெழுத்திட இயலாது என்றார். பள்ளியும் அந்த இரண்டு மாதமே காத்திருக்கும்.

கோதுமையின் உரமெல்லாம் தவிட்டில்தான் என்று அடுத்த வீட்டில் யாரோ அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். பங்கீட்டுக் கடைக் கோதுமையை மில்லில் அரைத்துக்கொண்டு, நானும் தங்கையும் பருத்திப்பட்டு ஏரிக்காற்றில் நடந்து வருவோம். இடுப்பில் இருக்கும் மாவுத் தகரத்தின் சூடு புடவையைக் கடந்து விலாவில் படும். புதுமாவின் மணம் தெரு முழுதும் எங்களோடு வரும். இப்போது பொட்டலத்தில் வரும் மாவைப் பிரிக்கும்போதெல்லாம் அந்த மணத்தைத் தேடி ஒருமுறை முகர்ந்து பார்க்கிறேன்.

அம்மா மாவைச் சலிப்பார். சலித்த மாவு எல்லாருக்கும் சப்பாத்தி. சல்லடையில் தங்கிய தவிடு எனக்கு மட்டும் கஞ்சி. தொழிற்சாலையின் காலைச் சங்கு ஊதும் வேளையில் கஞ்சியும் மாத்திரையும் சேர்ந்தே வரும்.

"கஞ்சியோட முழுங்குடி. அப்பதான் ஒடம்புல ஒட்டும்."

தவிடு தொண்டையை அராவும். தங்கை எதிரில் உட்கார்ந்து, "அக்கா, அசை போட்டு முடிச்சியா?" என்பாள்.

ஒரு மாதம் சென்று மீண்டும் பார்த்தபோது இரத்தம் சற்றும் ஏறியிருக்கவில்லை. மருத்துவர் என்னை ஐயுற்றார்.

"மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டியா?"

அம்மாவுக்குச் சினம் வந்துவிட்டது. "எங் கண்ணு முன்னால முழுங்குறா டாக்டர். தெனம் தவிட்டுக் கஞ்சியிலதான் குடுக்குறேன்."

கதவருகே நின்ற மருத்துவமனை ஆயா ஆவடிக்காரர். அவரால் வாயை அடக்க இயலவில்லை. "இன்னாம்மா நீ, மாட்டுக்கு வெக்கிறத பொண்ணுக்கு வெச்சிகினு கீறே! அப்பால அது பாடமா நடத்தும்? பால்தான் கறக்கும்!"

மருத்துவர் சிரிக்கவில்லை. ஒரு தாளில் 'பைட்டேட்' என்று எழுதிக் காட்டினார். தானியங்களிலும் பயறுகளிலும் உள்ள பொருள். கோதுமையில் தவிட்டில்தான் மிகுதி. குடலில் இரும்பைப் பற்றிக்கொண்டு உடலுக்குள் விடாது. தவிடு நல்ல உணவே, மாத்திரையோடு அதைச் சேர்த்ததுதான் பிழை என்றார். மாத்திரையைத் தனியே, எலுமிச்சைச் சாற்றோடு உண்ணவேண்டும். கேழ்வரகையும் பயற்றையும் ஊறவைத்து, அந்நீரை வடித்துவிட்டு, முளைகட்டிச் சமைத்தால் அப்பொருள் கொஞ்சம் நீரோடு போகும், மீதியும் முளைக்கையில் குறையும்.

அம்மா விடுவிடுவென்று முன்னே நடந்தார். குடியிருப்பு வாயிலில் நின்று, "நானே குடுத்துக் கெடுத்துட்டேனாடி?" என்றார். இல்லையம்மா என்றேன்.

மறுநாள் முதல் சமையலறை ஆணியில் பயறு கட்டிய ஈரத்துணி முடிச்சொன்று தொங்கியது. அதை அவிழ்த்துப் பார்ப்பதில் தங்கைக்கு அப்படியோர் ஆவல். "எல்லாத்துக்கும் வால் மொளச்சிருச்சும்மா!" என்று கூவுவாள். இரண்டாம் மாத முடிவில் மருத்துவர் கையெழுத்திட்டார். நான் பணியில் சேர்ந்தேன்.

தவிடோ வீட்டில் சேர்ந்துகொண்டே இருந்தது. அதை எறியவும், பயறு ஊறிய நீரைக் கொட்டவும் அம்மாவுக்கு மனம் வரவில்லை. அந்நீரிலேயே தவிட்டைக் கரைத்துக் காய்ச்சி, எல்லாரும் உண்டபின் தாமே குடிப்பார். பல ஆண்டுகள் குடித்தார்.

"வேணாம்மா, கீழ ஊத்தும்மா" என்றால், "எனக்கென்னடி, நான் என்ன வேலைக்கா போகப் போறேன்?" என்பார்.

என்னைத் தேற்றியது மாத்திரையைப் பிரித்து உண்டதா, எலுமிச்சையா, முளைப்பயறா, கூடுதலாகச் சென்ற ஒரு மாதமா என்று என்னால் சொல்ல இயலாது. அந்த ஆண்டுகளில் அம்மா நடக்கையில் அவ்வப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருடைய இரத்தத்தை ஒருவரும் சோதித்ததில்லை. சோதிக்கச் சொல்லி நானும் அழைத்துப் போகவில்லை. அது எவ்வளவு குறைந்திருந்தது, குறைந்துதான் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது.