மாமா ஆமோதிக்கவில்லை

மாமா, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். மலையில் இருக்கும் அந்தக் கழிப்பறையைக் கொண்டுவந்தது நீங்கள் இல்லை. போன தேர்தலில் மேடைக்கு மேடை அதைத்தான் சொன்னீர்கள். நானும் கூட்டத்தில் நின்று கேட்டேன். அப்பாவின் அக்காவைக் கட்டியவர் என்பதற்காக மழுப்பிச் சொல்ல எனக்கு வராது.

மாமாவைத் தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். எழுதிப் பழக்கமில்லை. கினிகத்தேனையில் துணிக்கடையில் வேலை செய்கிறவள் நான். ஆனால் அன்று சபையில் நானும் இருந்தேன்.

எனக்கு அப்போது பத்து வயது. பிரதேச சபைகளில் பெண்களுக்குக் கட்டாயம் இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்து, கட்சிக்காரர்கள் பெண்களைத் தேடி அலைந்தார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர்களுக்கு அகப்பட்டது என் சித்தி, அம்மாவின் தங்கை. கொழுந்து பறிக்கிறவர். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார் என்று நம்பித்தான் எடுத்தார்கள் என்று அப்பா சொல்வார். மாமாவும் அதே கட்சியில் உறுப்பினர். பஜாரில் கடை வைத்திருந்தார். சபையில் பழைய ஆள்.

மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. தேயிலைக்குள் போனால் அட்டை கடிக்கும். அதைவிடப் பயம், எந்தப் பக்கத்திலிருந்து கங்காணி வருவார் என்பது. அதனால் அம்மா காலையில் தண்ணீரே குடிக்காமல் வேலைக்குப் போவார். அடிக்கடி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பார், காய்ச்சல் வரும். ஹட்டனில் டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அம்மா தலையாட்டிவிட்டு வந்தார், குடிக்கவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டாக்டர் சொல்வதைக் கேட்காத அம்மா யாருக்காவது இருப்பாரா என்று எரிச்சலாக வரும்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குப் பக்கத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கட்ட வேண்டும். இதுதான் சித்தி சபையில் கொண்டுவர இருந்த முதல் பிரேரணை. அதைப் பற்றிப் பேச மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். கோழி அடித்துக் குழம்பு வைத்தோம்.

“தங்கச்சி, சபையில போய் கக்கூஸ்னு சொல்லிறாத. அவனுங்க சிரிப்பானுங்க. மலசலகூடம்னு சொல்லு” என்றார் மாமா.

“வாயில நொழைய மாட்டேங்குதேண்ணே.”

“நொழையணும். மெம்பராயிட்டீல்ல?”

அப்பா அடுப்படியிலிருந்து, “போறதுதான் கஷ்டம்னு நெனச்சேன் மச்சான், சொல்றதுக்கே இவ்வளவு கஷ்டமா?” என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் புரையேறியது.

மாமா எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார். “நீ கொண்டாந்தா மட்டும் பத்தாது. யாரு ஆமோதிக்கிறதுன்னு தலைமையில ஒக்காந்திருக்கிற தவிசாளர் கேப்பாரு. யாரும் வாயத் தொறக்கலேன்னா அதோட சரி. பேச்சே கெடையாது.”

“யாருண்ணே சொல்லுவா எனக்கு?”

“நான் எதுக்கு இருக்கேன்?”

ஆமோதிக்கிறது என்றால் என்னவென்று நான் கேட்டேன். மாமா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். “பூசையில பாதர் ஜெபத்த சொல்லி முடிச்சா நாம என்ன சொல்றோம்?”

“ஆமென்.”

“அதேதான் இது. ஆமென் சொல்ல ஆளில்லேன்னா ஜெபம் மேல போகாது.”

இதைவிட நன்றாக எந்த வாத்தியாரும் எனக்கு எதையும் விளக்கியதில்லை. அதன் பிறகு சித்தி வேலை முடிந்து வந்து, கைகால் கழுவிவிட்டு, வாசலில் நின்று பிரேரணையைச் சொல்லிப் பழகுவார். முடித்ததும் என்னைப் பார்ப்பார். நான் மாமாவைப் போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு “ஆமோதிக்கிறேன்” என்பேன். பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தும். லயமே ஆமோதித்தது.

கூட்டத்தன்று பள்ளிக்கூடம் இல்லை. அம்மா பெயர் போட்டு வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்பதால் சித்தி என்னைக் கூட்டிப் போனார். பின்னால் பார்வையாளர் நாற்காலிகளில் நானும் இரண்டு கிழவர்களும் மட்டும். மேலே விசிறி ஓடியது. அந்தக் குளிரில் எதற்கு விசிறி என்று இன்றுவரை தெரியவில்லை.

சித்தி எழுந்தார். மலசலகூடம் என்று தடங்கலில்லாமல் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு வாசலில் பழகாத ஒன்றையும் சொன்னார். “தோட்டம் கம்பெனியோடது, சபைக் காச அங்க செலவழிக்க முடியாதுன்னு இத்தன காலம் சொன்னீங்க. இப்ப சட்டம் மாறிருச்சுங்க. மலையில நிக்கிற பொம்பளைங்களும் இந்த சபைக்கு ஓட்டுப் போட்டவங்கதான்.”

நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

“யாரு ஆமோதிக்கிறது?” என்று தவிசாளர் கேட்டார்.

மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். தவிசாளர் மறுபடி கேட்டார். சித்தி மாமாவைப் பார்த்தார். மாமா கண்ணாடியை விசிறிக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தார்.

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கோயிலில் ஒருவர் ஆமென் சொல்ல மறந்தால் என்ன, மற்றவர்கள் சொல்வார்கள். இங்கே ஒருவருமே சொல்லவில்லை. ஜெபம் பாதியில் நிற்கிறது. நான் எழுந்து நின்று, லயத்தில் கத்துகிற மாதிரியே கத்தினேன்.

“ஆமோதிக்கிறேன்!”

எல்லாத் தலைகளும் திரும்பின. முதலில் கை தட்டியது மாமா. அப்புறம் எல்லாரும் தட்டினார்கள், சிரித்தார்கள்.

“மகள் எந்த வட்டாரத்து உறுப்பினருங்க?” என்றார் தவிசாளர்.

“அடுத்த எலக்சனுக்கு ஆள் ரெடி சேர்” என்றார் ஒருவர். மறுபடியும் சிரிப்பு. அது அடங்குவதற்குள் தவிசாளர் சந்தைக் கடைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். சித்தி கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்துவிட்டு உட்கார்ந்தார்.

வெளியே மாமா எனக்கு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்து, “கலக்கிட்ட புள்ள” என்றார். சித்திக்கும் ஒன்று நீட்டினார். சித்தி வாங்கவில்லை. ஜெயித்த அன்று ஏன் இவர் சாப்பிடாமல் இருக்கிறார் என்று நான் அவருடையதையும் சேர்த்துத் தின்றேன். பஸ்ஸில், “எப்ப சித்தி கட்டுவாங்க?” என்று கேட்டேன். சித்தி என் வாயோரத்தில் ஒட்டியிருந்த ரோல்ஸ் துணுக்கைத் துடைத்துவிட்டார்.

லயத்தில் இறங்கியதும் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். மலையிலிருந்து கூடையோடு இறங்கிக்கொண்டிருந்த பெண்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். “அடி ஆத்தி, நீயா சபையில சொன்ன?” என்று ஓர் அக்கா கன்னத்தைக் கிள்ளினார். அம்மா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். சித்தி பின்னால்தான் நின்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே போய், கழுவி வைத்திருந்த சட்டிகளை எடுத்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரமே அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். நான் தண்ணீர்ப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, “அதான் ஆமோதிச்சாச்சேம்மா, குடிங்க” என்றேன். அம்மா என்னையே பார்த்தார். அதற்குள் அவருக்கு யாரோ உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். குடித்தார்.

சித்தி அதே பிரேரணையை மறுபடியும் கொண்டுபோனார். என்னைக் கூட்டிப் போகவில்லை. ஆமோதித்தது எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர், சந்தையில் மரக்கறி விற்கும் சிங்கள அம்மா. விடியலிலிருந்து சந்தையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிங்களத்தில் ஒரே வார்த்தை சொன்னாராம், அவ்வளவுதான். தோட்டத்து ஆபீசுக்கு நடையாய் நடந்து சம்மதம் வாங்கியதும் சித்திதான். கழிப்பறை வந்தது. ரிப்பன் வெட்டியது மாமா. நானும் கை தட்டினேன்.

போன தேர்தலில் கட்சிப் பட்டியலில் சித்தியின் பெயர் இல்லை. அவர் பழையபடி மலையில் நிற்கிறார். மாமா சபையில் இருக்கிறார்.

மாமா, அன்று நீங்கள் முதலில் கை தட்டியதை எனக்குக் கிடைத்த பாராட்டு என்று நம்பினேன். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்த அந்த நேரத்தில் உங்களை யாரும் பார்க்கவில்லை என்பது பத்து வயதுக்காரிக்குத் தெரியவில்லை. ஆனால் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. தோட்டத்துத் துரைக்குப் பயந்தீர்களா? தவிசாளர் வேண்டாம் என்றாரா? கொழுந்து பறிக்கிறவளுக்குப் பெயர் வந்துவிடும் என்றா? ஒவ்வொன்றாக யோசித்துப் பார்க்கிறேன், எதுவும் நம் வீட்டில் உட்கார்ந்து கோழிக்குழம்பு சாப்பிட்ட மனிதரோடு பொருந்தவில்லை.

வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டாம். அத்தையிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன், சித்தியும் மலையிலிருந்து பெண்களும் வருவார்கள். எங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சபையில் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்.