சிறுத்தை வராத மழை நாள்

யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுவது என் வேலை. மிருகங்களைப் படம் பிடிப்பது என் பைத்தியம். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. அன்றுதான் கெமராவைத் தூக்கிக்கொண்டு மிருகக்காட்சிசாலைக்கு ஓட முடியும். ஆனால் அங்கே இருக்கும் அந்தப் பாழாய்ப்போன சிறுத்தை, மழை என்றால் குகையை விட்டு வெளியே வராது. ஐந்து முறை போயும் வெறும் பாறையைத்தான் படம் பிடித்தேன்.

ஆறாவது முறை போன அன்று காலையில், "புல்லு வெட்டவாவது வாங்க" என்று கங்காணி வந்து கதவைத் தட்டினார். வீட்டில் ஆளில்லாததுபோல மூச்சுக் காட்டாமல் படுத்திருந்து, அவர் போனபிறகு பஸ் ஏறினேன்.

அங்கே அன்றும் வெறும் பாறைதான். ஆத்திரத்தில் குடையால் கம்பி வேலியைப் படபடவென்று தட்டினேன்.

மிருகங்களைப் பராமரிப்பவர் ஓடி வந்தார். "தட்டாதீங்க அக்கா!"

"மழைக்குத்தான் எங்களுக்கு லீவு. வந்தா இது எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்குதே!"

"அதுக்கும் மழைக்கு லீவுதான். லீவு நாள்ல யாராவது வந்து தட்டினா, நீங்க எழும்பிப் போவீங்களா?"

வேலியிலிருந்து குடையை எடுத்துக்கொண்டேன்.

சிறுத்தையின் படம் இன்றுவரை என்னிடம் இல்லை. எரிச்சலும் போகவில்லை. ஆனால் அந்தக் குகைக்குள் அது எப்படிப் படுத்திருந்திருக்கும் என்று படமில்லாமலே எனக்குத் தெரியும்.