கஜமுகனின் இடுப்பில் சிவப்பரிசி

என் பேரன் கஜமுகன் பிறக்கும்போதே பத்து இறாத்தல், அதாவது பத்துப் பவுண்ட், எடை. தாதிமார் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவனுடைய தகப்பன் தர்மராசா, பிள்ளையாரின் பெயரைத்தான் வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். இங்கே அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சர் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் ஒருவருக்கும் வாயில் வரவில்லை. "கஜ்" என்றார்கள். உடம்பைப் பற்றிச் சொல்ல நினைத்ததை மட்டும் நாக்குத் தடுக்காமல் சொன்னார்கள்.

அவனுக்குப் பதினேழு வயதாக இருக்கும்போது, ரயில் பிடிக்கப் பிரின்ஸ்டன் ஜங்ஷன் படியில் ஏறிய தர்மராசா மேலே போய்ச் சேரவில்லை. மாரடைப்பு. நாற்பத்தொன்பது வயது. அவரும் பெரிய உடம்புக்காரர்தான்.

கஜமுகன் படித்து மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த வருடம், பழைய ஐஸ் சறுக்கு மண்டபத்தில் பச்சைக் கம்பளம் விரித்து ஒரு ஃபுட்பால் அணி தொடங்கினார்கள். மில்ஸ்டோன் மியூல்ஸ் என்று பெயர். மியூல் என்றால் கோவேறு கழுதையாம். காலால் உதைக்கிற பந்தில்லை. கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதுகிற அமெரிக்க ஆட்டம். சுற்றிலும் மெத்தை கட்டிய சுவர். அதற்கு மேலால் ஆட்கள் பறந்து வந்து சனத்தின் மடியில் விழுவார்கள். பந்து எறிகிறவனை ஒருவரும் தொடாமல் முன்னால் மறித்து நிற்பது கஜமுகனின் வேலை. அந்த உடம்பை வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள்தான் முதல்.

முதல் ஆட்டத்துக்கு நாங்களும் இன்னும் எண்பது பேரும் இருந்திருப்போம். அடுத்த வருடம் மண்டபம் நிரம்பிவிட்டது. "கஜ், கஜ்" என்று சனம் கத்தியது. என் மகள் ராஜராணி கண்ணைத் துடைத்தாள். நானும் கத்தினேன், ஏன் பொய் சொல்ல.

மூன்றாம் வருடம் டொக்டர் அவன் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, நீரிழிவு, அதுதான் சீனி வருத்தம், வாசலுக்கு வந்துவிட்டது, நாற்பது இறாத்தல் இறக்கு என்றார். கோச், முந்நூற்றுக்குக் கீழே இறங்கினால் ஆட விடமாட்டேன் என்றார். வியாழன்தோறும் எடை மெஷினில் ஏற்றி நிறுத்துப் பார்ப்பார்.

"விட்டிடு ராசா," என்றேன்.

"நான் விட்டா முன்னுக்கு நிக்க ஆள் இல்லை அம்மம்மா. ரெண்டு பேர் ஏற்கெனவே போயிட்டாங்க. டீமே குளோஸ்."

"அப்ப அந்த மனுசனிட்ட உண்மையைச் சொல்லு."

"சொன்னா உக்கார வச்சிடுவார். அதுவும் குளோஸ்தான்."

"உன்ர கொப்பா ரயிலுக்கு ஏறின படி ஞாபகம் இருக்கோ?"

அன்றைக்கு அவன் புட்டில் பாதியை ஒதுக்கிவிட்டு எழும்பினான். நாளுக்கு நாள் மெலிந்தான். அப்போதுதான் நான் சொன்னேன், நீ இறங்கு, மெஷினை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. துணியில் நீளமாகப் பை தைத்து, சிவப்பரிசி நிரப்பி, சட்டைக்குள்ளே இடுப்பில் கட்டிவிட்டேன். முதலில் ஆறு இறாத்தல். பிறகு பதினெட்டு.

"அம்மா, உங்களுக்கு விசரே? பெடியனுக்குக் கள்ளம் பழக்கிறீங்கள்," என்றாள் ராஜராணி.

"உன்ர மனுசனுக்கும் ஆராவது பழக்கியிருந்தா இண்டைக்கு இருந்திருப்பார்."

அவள் உள்ளே போய்விட்டாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். திரும்பி வந்து, என் கையிலிருந்த ஊசியை வாங்கி நூல் கோத்துத் தந்தாள்.

ஐந்து வியாழன் தப்பியது. ஆறாவதில் மெஷினில் ஏறி நிற்கையில் தையல் விட்டுவிட்டது. அரிசி தரையில் கொட்டக் கொட்ட எண் இறங்கியதாம், முந்நூற்றிரண்டு, இருநூற்றுத் தொண்ணூறு என்று. கோச் குந்தியிருந்து ஒரு பிடி அள்ளி, இதென்ன என்று கேட்டார். "என் அம்மம்மாவின் அரிசி," என்றான் கஜமுகன். பிறகு தகப்பன் கதை, சீனிக் கதை எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அதைக் கேட்ட கோச், "நானும் ஒன்றை ஒளித்துத்தான் வைத்திருக்கிறேன்," என்றாராம். எதிரணிகள் ஒவ்வொன்றாகக் கலைந்துவிட்டன. வருகிற சனிதான் கடைசி ஆட்டம். சொன்னால் பெடியள் அதற்கும் வராமல் விட்டுவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாராம். உள்ள எடையோடு வா, அது போதும் என்றார்.

சனிக்கிழமை மியூல்ஸ் மோசமாகத் தோற்றது. ஒரு தடியன் கஜமுகனைத் தூக்கிச் சுவருக்கு மேலால் எறிந்தான். எங்கள் காலடியிலேயே வந்து விழுந்தான்.

"நொந்ததோ ராசா?"

"இல்லை அம்மம்மா," என்று படுத்தபடியே சிரித்தான். டொக்டரிடம் போன நாள் முதல் நான் காணாத சிரிப்பு. மற்றப் பெடியள் அழுதார்கள். இவன் காரில் ஏறியதும் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டான். மான்மவுத் ஜங்ஷன் வரும்வரை எழும்பவில்லை.

இப்போது அவன் எடை இருநூற்றைம்பத்தொன்று. சீனி வாசலோடு திரும்பிவிட்டது என்று போன கிழமை டொக்டர் சொன்னார். போனை வைத்துவிட்டு ராஜராணி அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு எழும்பிப் போய்ப் புட்டுக்கு மா குழைத்தாள்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற ரூபிகா, அவனுடைய தங்கை, அடுத்த மாதம் கொழும்புக்குப் போகிறாள். வீட்டு எடை மெஷினில் இப்போது அவளுடைய சூட்கேஸ்தான் ஏறுகிறது. விமானத்தில் விடுகிற எடையைவிட ஒன்பது இறாத்தல் கூடிப்போனது.

"அம்மம்மா, எனக்கும் இடுப்பில கட்ட ஒரு பை தைச்சுத் தாங்கோ," என்கிறாள்.

தைக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். இந்த முறை இரட்டைத் தையல்.